சிகாகோவில் ஹாரன் அடித்தவன்

அமெரிக்க விசா கிடைக்கக் கூடாது என்று அந்தோணியாருக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டவன் துபாயிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தூதரக வரிசையில் நின்ற மற்ற எல்லோரும் கிடைக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். புனிதருக்கே குழம்பியிருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரர் என் மனைவியிடம் இரண்டு கேள்வி கேட்டார். என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. கூட வந்த பெட்டியைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். இருவருக்கும் விசா.

மனைவி துபாயின் தேரா பகுதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் அல் கூஸில் மீன், கோழி வைக்கும் குளிர்பதனக் கிடங்குகளுக்கு டெக்னீஷியன். அமெரிக்காவில் நர்ஸ் வேலை பார்க்க ஒரு பரீட்சை உண்டு. அந்த வருஷங்களில் அதை வளைகுடாவில் எழுத முடியாது, அங்கேயே போய்த்தான் எழுத வேண்டும். அவளோடு வேலை பார்த்த பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுதிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சிகாகோ ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி இவளுக்கும் ஒப்பந்தத்தை அனுப்பியிருந்தது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

“பரீட்சை எழுதுதது தனி” என்றாள். “எழுதிட்டு ரெண்டு மூணு நாள் ஊரச் சுத்திப் பாப்பேன். வெளிய சாப்பிட்டுப் பாப்பேன். இருந்துக்கிடலாம்னு தோணிச்சுன்னா அங்கயே கையெழுத்து. இல்லன்னா கலாஸ், அதோட முடிஞ்சுது. திரும்பி வந்துருவோம்.”

“எனக்குத் தோணலன்னா?”

“உங்களுக்கு எது தோணிருக்கு இதுவர?”

ஆக, என் வேலை எனக்குத் தெளிவாகிவிட்டது. அந்த ஊரை அவளுக்கு அருவருப்பாக்கிக் காட்ட வேண்டும். எனக்கு அது பெரிய கஷ்டமில்லை. பத்தாம் வகுப்பில் இருந்த மகளைப் பக்கத்து ஃபிளாட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறியபோதே மூக்கைச் சுருக்கத் தொடங்கிவிட்டேன்.

ஊரும் ஒத்துழைத்தது. விமான நிலையக் கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இல்லை. துபாயில் எவ்வளவு மட்டமான லேபர் கேம்ப்பாக இருந்தாலும் சுவரில் ஒரு குழாயும் அதன் நுனியில் ஒரு பூவாளியும் தொங்கும். இங்கே சுருட்டிய காகிதம். உலகத்துக்கே சுத்தம் சொல்லிக்கொடுக்கிற தேசம், தன் பின்பக்கத்தைத் துடைத்துவிட்டு எழுந்து போகிறது. கதவாவது ஒழுங்காக இருந்ததா? கீழே முழங்கால் உயரத்துக்கு இடைவெளி. பக்கத்து அறைக்காரனின் காலணி, காலுறை, கழன்று கிடந்த கால்சட்டை எல்லாம் தெரிகிறது. அவன் அதே கோலத்தில் ஃபோனில் யாரிடமோ, குரலை வைத்துப் பார்த்தால் தாயாரிடம், பேசிக்கொண்டிருந்தான். வெளியே வந்து மனைவியிடம் விவரமாகச் சொன்னேன்.

“லேடீஸ்ல சுத்தமாத்தான் இருந்துது” என்றாள்.

நாங்கள் தங்கியது, அவளோடு தேராவில் ஒரே வார்டில் டியூட்டி பார்த்த ஒரு அக்காவின் வீட்டில். அக்காவின் புருஷன் எனக்கு அல் கூஸில் ஃபோர்மேனாக இருந்தவர். எங்களைப் போலவே கடற்கரைப் பக்கத்து ஆள். அவர் ‘யல்லா, ஜல்தி!’ என்று ஒரு சத்தம் போட்டால் சைட்டில் ஏணிமேல் நிற்பவன் ஏணியோடு நகர்வான். அப்பேர்ப்பட்ட மனிதர் கதவைத் திறந்தபோது இடுப்பில் பூப்போட்ட ஏப்ரன் கட்டியிருந்தார்.

“வாரும் ஓய். செருப்ப வெளியவே போடும். இப்பத்தான் கார்ப்பெட்ட கிளீன் பண்ணேன்.”

“அக்கா எங்க?”

“மெதுவாப் பேசும். நைட் டியூட்டி முடிஞ்சு படுத்துருக்கா. அவ எந்திரிக்கதுவர மூச்சுக் காட்டக் கூடாது. நான் குக்கரே வைக்கதில்ல பாத்துக்கிடும், விசில் அடிக்கும்லா?”

“உமக்கு இங்க என்ன வேலை?”

“இதுதான். அவள டியூட்டிக்குக் கொண்டு விடணும், கூட்டிட்டு வரணும், சமைக்கணும், துணி மடிக்கணும். ஒரு கடையில சாமான் அடுக்குத வேலைக்குப் போனேன். இடுப்பு பிடிச்சுக்கிட்டு, விட்டுட்டேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் மெதுவாகத்தான் சிரித்தார். பிறகு ஒரு காலி பெப்சி பாட்டிலை என் கையில் கொடுத்தார். “இந்தாரும். பாத்ரூமுக்கு. இது உம்ம பாட்டில். பச்சை மூடி போட்டது என்னோடது. மாத்தி எடுத்துராதியும்.”

அந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அருவருப்பு என்று அதுவரை நான் சொல்லிக்கொண்டிருந்தது ஏதோ, இது வேறு. ஏப்ரன் எனக்கு எந்த அளவில் வேண்டியிருக்கும் என்றுகூட மனசு கணக்குப் போட்டுவிட்டது.

பரீட்சை முடிந்த மறுநாள் காலையில் ரயிலேறி நகரத்துக்குள் போனோம். அக்டோபர் கடைசி, காற்று சவரக்கத்தி மாதிரி இருந்தது. எல்லோரும் கனத்த கோட்டு வாங்கச் சொன்னார்கள். மைனஸ் பதினெட்டில் நின்று ஃபேன் மோட்டார் மாற்றியவனுக்கு எதற்குக் கோட்டு? என் டியூட்டி ஜாக்கெட்டையே கொண்டுபோயிருந்தேன். நீல நிறம், முதுகில் கம்பெனி பெயர், கழுத்துவரை ஜிப். துபாயில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு தடவைகூட மனைவி பக்கத்தில் நின்றதில்லை என்பது அப்போது எனக்கு நினைவில்லை.

முதலில் ஒரு பூங்கா. நடுவில் எஃகில் பயறு மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள், பயறு என்றால் ஒரு வீட்டளவு பயறு. வெல்டிங் கோடுகள் அப்போது இன்னும் தேய்த்து முடியாமல் அங்கங்கே தெரிந்தன. வந்தவர்கள் எல்லோரும் அதைத் தடவினார்கள். தடவிய கையால் கண்ணைக் கசக்கினார்கள், பாப்கார்ன் தின்றார்கள். மூக்கு ஒழுகிய ஒரு குழந்தையை அதன் தகப்பன் தூக்கிப் பிடிக்க, அது எஃகின்மேல் முகத்தை வைத்து ஒரு நீளக் கோடு இழுத்தது. அடுத்து வந்த தம்பதி அதே இடத்தில் கன்னத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் மனைவியை இழுத்துக் காட்டினேன். அவள் அதைப் பார்க்காமல், எஃகில் தெரிந்த எங்கள் இருவரின் பிம்பத்தைப் பார்த்தாள். அவள் நீளமாக, மெலிந்து, இருபது வயதுக்காரிபோல் தெரிந்தாள். நான் நின்ற இடத்தில் ஒரு வயிறு தெரிந்தது. அதற்கு மேல் ஒரு சின்னத் தலை.

“நல்லாருக்கு” என்றாள்.

அங்கிருந்து ஏரிக்கரை. ஏரி என்றார்கள், கரை தெரியவில்லை, அலை அடிக்கிறது. கடலில் பிறந்து வளர்ந்தவன் நான். கிட்டப் போய் மூக்கை நீட்டினேன். ஒரு மணமும் இல்லை. உப்பு இல்லை, பாசி இல்லை, செத்த மீன் இல்லை, ஒன்றுமே இல்லை. அவ்வளவு பெரிய தண்ணீர் நாற்றமில்லாமல் கிடப்பது, பிணத்தைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வைத்ததுபோல் இருந்தது.

“நாறாத கடலு என்ன கடலு?”

“அதான் நல்லாருக்குங்கேன்.”

கரையோரம் ஸ்வெட்டர் போட்ட நாய்களை நடத்திக்கொண்டு போனார்கள். நாய் உட்கார்ந்தது, எழுந்தது. நல்ல உத்தியோகத்தில் இருக்கிறவள்போல் தெரிந்த ஒரு அம்மாள், பிளாஸ்டிக் பையை உறைபோல் கையில் மாட்டிக்கொண்டு குனிந்து, அதைச் சூடு ஆறுமுன் அள்ளிப் பையைப் புரட்டி முடிச்சுப் போட்டாள். அதே கையில் பையைத் தொங்கவிட்டபடி பக்கத்து வண்டியில் ஹாட் டாக் வாங்கினாள். ஹாட் டாக் என்பது வெந்நீரில் ஊறிய ஒரு வெளுத்த குழல். அதன்மேல் மஞ்சளாக ஒன்றைப் பிதுக்கிக் கொடுக்கிறார்கள். ஒரு கையில் அது, ஒரு கையில் இது. மனைவியின் தோளைத் தட்டினேன்.

“பாத்தியா? பாத்தியா?”

“ரோட்டுல கிடக்காம அள்ளிட்டுப் போறா. நம்மூருல யாரு அள்ளுதா?” என்றவள், போய்த் தனக்கொரு ஹாட் டாக் வாங்கிவந்தாள். மஞ்சளை நாக்கால் வழித்தாள். திருமணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு அவள்மேல் அருவருப்பு வந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

உயரமான கட்டடத்தின் உச்சிக்குப் போக லிஃப்டில் எங்களோடு ஒரு கூட்டம் ஏறியது. கதவு மூடியதும் எல்லோரும் மெல்ல மெல்லச் சுவரோரம் ஒதுங்கினார்கள். நடுவில் நானும் மனைவியும் மட்டும் நின்றோம். என்ன மரியாதையான ஜனங்கள் என்று ஒரு நொடி மனம் இளகியது. ஒரு கிழவர் கைக்குட்டையை மூக்கில் வைத்தார்.

“இறால் நாத்தம்” என்றாள் மனைவி, உதடு அசையாமல். “உங்க ஜாக்கெட்டு. ஏரோப்பிளேன்ல ஏறுனதுலருந்து சொல்லணும்னு இருந்தேன்.”

உச்சியில் நின்று பார்த்தது எதுவும் எனக்கு நினைவில்லை. லிஃப்ட் இறங்கும்போது எல்லோர் முகமும் என்னைவிட்டுச் சுவரைப் பார்த்து இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

மத்தியானம் பீட்சா. அந்த ஊரில் அது தட்டையாக இருக்காது. அண்டாவின் அடிப்பாகத்தை வெட்டி வைத்ததுபோல் ஆழமாக இருக்கும். அதற்குள் சீஸ் ஒரு குளமாகத் தேங்கி நின்றது. மேலே தக்காளிச் சாறு, அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய்க் கண்கள். ஒரு துண்டைத் தூக்கினால் சீஸ் அறுபடாமல் கூடவே வருகிறது, தட்டு வரைக்கும், வாய் வரைக்கும், பிறகு தாடையில் தொங்குகிறது. பக்கத்து மேசையில் ஒரு குடும்பமே அப்படித் தாடையில் நூல் தொங்க உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. குளிர் காற்றில் நடுங்கி வந்தவர்களுக்கு ஐஸ் கட்டி போட்ட தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டு வாய்க்கு மேல் எனக்கு இறங்கவில்லை. மனைவி ஒரு துண்டை முடித்துவிட்டு அடுத்ததற்குக் கத்தியை எடுத்தாள். பரிமாற வந்த பெண் “எல்லாம் எப்படி இருக்கு, டியர்?” என்று கேட்டாள். அவளிடம் மட்டும். இவளும் ஏதோ பதில் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். துபாயில் டாக்டரிடமும் மேட்ரனிடமும் பேசுகிற ஆங்கிலம் இல்லை அது. வேறு ஆங்கிலம். எனக்கு அதில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

அன்று ராத்திரி எனக்கு இரண்டு பெப்சி பாட்டில் தண்ணீர் தேவைப்பட்டது.

கடைசி நாள். அவள் முகத்தில் கையெழுத்து பாதி போட்டாகிவிட்டது தெரிந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. ஊரைச் சுற்றி நொந்து போயிருக்கிறோம், இந்தியக் கடைகள் இருக்கிற தெருவுக்குப் போவோம், நல்ல டீ குடிப்போம். நல்ல டீ குடித்தால் அவளுக்கு துபாய் ஞாபகம் வரும். டீயை வைத்து அமெரிக்காவைத் தோற்கடிக்கப் பார்த்தவன் சரித்திரத்தில் நான்தான். ஃபோர்மேன் தன் பழைய காரைக் கொடுத்தார். “மெதுவா ஓட்டும் ஓய்” என்றார். நான் சிரித்தேன். துபாயில் ஓட்டுகிற அதே பக்கம், அதே ஸ்டியரிங். ஷேக் சாயித் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பிழைத்தவனுக்கு இது ஒரு ரோடா?

அந்தத் தெருவில் ஒரு சின்ன ரெஸ்டாரண்ட். கண்ணாடி வழியாக சமோசா அடுக்கியிருந்தது தெரிந்தது. வாசலிலேயே வண்டியை நிறுத்தினேன். காற்று கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தது, இறங்க மனசில்லை. இரண்டு தடவை ஹாரன் அடித்தேன்.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே எந்தக் கஃபட்டீரியா முன்னாலும் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தால் உள்ளிருந்து ஆள் ஓடி வருவான். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, விரலைக் காட்டினால் போதும். இரண்டு விரல், இரண்டு டீ. காரிலேயே குடித்துவிட்டுக் கப்பைக் கொடுத்துவிட்டுப் போகலாம். வெயிலில் இறங்க வேண்டாம். அதைவிட மரியாதையான ஒரு பழக்கத்தை மனித குலம் கண்டுபிடிக்கவில்லை.

யாரும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் நீளமாக அடித்தேன்.

“என்ன பண்ணுதிய?” என்றாள் மனைவி.

“டீ சொல்லுதேன்.”

“இங்க அப்படிச் சொல்ல மாட்டாவ. எறங்கிப் போவோம்.”

“நம்ம ஆளு கடைதானே? சும்மா இரு.” உள்ளே கல்லாவில் இருந்த பெண் என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடி வழியாக இரண்டு விரலைக் காட்டினேன். அவள் பின்னால் நகர்ந்தாள். ஆர்டர் எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். நேரமானதால் ஞாபகப்படுத்த இன்னொரு நீள ஹாரன். அவள் ஃபோனை எடுத்ததைப் பார்த்தேன். சமையல்கட்டுக்குத்தான் சொல்கிறாள் என்றேன் மனைவியிடம்.

நீல விளக்கும் சிவப்பு விளக்கும் பின்னால் சுழன்றபோது என் உடம்பு என்னைக் கேட்காமலே வேலை செய்தது. துபாயில் போலீஸ் நிறுத்தினால் காரில் உட்கார்ந்திருப்பது திமிர். உடனே இறங்க வேண்டும், சலாம் சொல்லிக்கொண்டே எதிரே போக வேண்டும், கேட்பதற்கு முன்னால் பேப்பரை நீட்ட வேண்டும். இறங்கினேன். பெரிய சிரிப்பாகச் சிரித்துக்கொண்டு போலீஸ் காரை நோக்கி நடந்தேன். ஜாக்கெட்டின் உள் பைக்குள் கையை விட்டேன்.

போலீஸ்காரன் கத்தியது எனக்குப் புரியவில்லை. அவன் கை துப்பாக்கிமேல் இருந்தது மட்டும் தெரிந்தது. உள் பையில் பிளாஸ்டிக் உறை சிக்கிக்கொண்டது. நான் இன்னும் ஆழமாகக் கையை விட்டு இழுத்தேன்.

“கைய வெளிய எடுங்க!” காருக்குள்ளிருந்து மனைவியின் சத்தம். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை அவளிடமிருந்து நான் கேட்டதில்லை. “வெறுங்கையா வெளிய எடுங்க! மேல தூக்குங்க! அசையாதிய!”

தூக்கினேன். உறை கூடவே வந்து திறந்துகொண்டது. லேபர் கார்டு, ஹெல்த் கார்டு, விசா பக்கத்தின் நகல், கம்பெனி அடையாள அட்டை எல்லாம் காற்றில் பறந்து தெருவில் ஓடின. “சார், சாரி சார், மை கஃபீல்...” என்றேன். துபாயில் எனக்கு விசா கொடுத்த அரபி முதலாளிதான் கஃபீல்; சிகாகோ போலீஸ்காரனிடம் அவரைப் பற்றி எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.  என் மேலிருந்தே ஒரு நாற்றம் எழுந்து வந்தது. அது இறால் இல்லை. பயத்தில் ஊறிய வேர்வை. அந்த ஊரில் மூக்கைச் சுருக்க வைத்த எல்லாவற்றிலும் அதுதான் மோசம்.

மனைவி இறங்கவில்லை. இரண்டு கையையும் முன்பலகைமேல் விரித்து வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாகப் பேசினாள். போலீஸ் நிறுத்தினால் இறங்கக் கூடாது, பைக்குள் கையை விடக் கூடாது, இரண்டு கையும் தெரியும்படி வைத்திருக்க வேண்டும் என்று வந்த அன்றே அக்கா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தாளாம். நான் அப்போது கழிப்பறையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். துபாயில் ஹாரன் அடித்தால் டீ வரும், என் புருஷன் டீ கேட்டிருக்கிறார், அவ்வளவுதான் என்று ஐ.சி.யூவில் நோயாளியின் உறவுக்காரர்களிடம் பேசுகிற குரலில் சொன்னாள். போலீஸ்காரன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முதுகிலிருந்த கம்பெனி பெயரைப் படித்தான். பிறகு சிரித்தான். துப்பாக்கியிலிருந்து கை இறங்கிய பிறகுதான் சிரித்தான் என்பதையும் சொல்ல வேண்டும். லைசென்ஸை மட்டும் வாங்கிப் பார்த்தான். மற்ற அட்டைகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டு வந்த இன்னொரு போலீஸ்காரன், ஒன்றைக்கூடப் புரட்டாமல் என்னிடம் கொடுத்துவிட்டு மூக்கைத் தேய்த்தான்.

“இந்தக் கையால ஓட்ட முடியாது” என்று ஆங்கிலத்தில் சொன்னான் முதலாமவன். சாவியை நான் இரண்டு தடவை கீழே போட்டிருந்தேன். “மேடம், உங்களுக்கு லைசென்ஸ் இருக்கா?”

இருந்தது. துபாயில் முறையாக எடுத்தது. ஆஸ்பத்திரிக்கு அவளை நான்தான் கொண்டு விடுவேன் என்று இத்தனை நாள் அதை அவள் கைப்பைக்குள் தூங்க வைத்தவன் நான்.

அவள் ஓட்டினாள். நான் பக்கத்து இருக்கையில், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தேன்.

“லெஃப்ட்ல லாரி.”

“பாத்தாச்சு.”

“சிக்னலு.”

“பாத்தாச்சு. சும்மா இரிங்க.”

கொஞ்ச தூரம் போனதும், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “சாயங்காலம் கையெழுத்துப் போடுதேன்.”

“இவ்வளவு நடந்த பெறவுமா? அவன் கை எங்க இருந்துதுன்னு பாத்தியா?”

“பாத்தேன். உங்கள விட நல்லாப் பாத்தேன். நெஞ்சு நின்னுட்டு எனக்கு.” கியரை மாற்றுகிறவள்போல் கையை வைத்து, ஆட்டோமேட்டிக் என்பது ஞாபகம் வந்து எடுத்துக்கொண்டாள். “துபாய்ல வயசானா ஒரு மாசத்துல விசாவக் கேன்சல் பண்ணி ஏத்தி விட்ருவான். அதுக்கப்புறம் நான் என்ன செய்ய? ஊருல போயி ஊசி போடணுமா? இங்க பயந்துக்கிட்டுன்னாலும் கடைசிவர வேலை பாத்துக்கிட்டு இருந்துக்கிடலாம். பிள்ளையும் படிக்கும்.”

“நான் ஏப்ரன் கட்டிக்கிட்டு நிக்கணும்.”

அதைச் சொல்வேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்க்கச் சொல்லிக் கத்தினேன்.

“அதுவா? அதுக்குத்தான் நாலு நாளா கக்கூசு நாத்தம், நாயி நாத்தம்னு உயிர எடுத்தியளா?” சிரித்துவிடுவாளோ என்று பயந்தேன். சிரிக்கவில்லை. “ஒரு வருஷம் வந்து பாருங்க. இங்கயும் கோல்டு ரூம் இருக்கும்லா? முடியலன்னா துபாய்க்கே திரும்பிப் போயிருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா நான் திரும்ப மாட்டேன். சரியா?”

அன்று சாயங்காலம் கையெழுத்துப் போட்டாள். நான் சம்மதித்துத் தலையாட்டியதைப் பார்த்த பிறகுதான் போட்டதாக இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காரில் அவள் ‘சரியா?’ என்று கேட்ட இடத்தில் ரோட்டில் ஒரு பள்ளம் இருந்தது, அதில் அவள் வண்டியை இறக்கினாள், ஆடியது தலை மட்டுமல்ல, முழு உடம்பும் என்பது என் கட்சி.